காளானிலிருந்து நிறம்: கரைப்பான் நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா?

தீபாவளி நெருங்கும் வாரங்களில் பினாங்கு லிட்டில் இந்தியாவின் பலகாரக் கடைகளில் முதலில் கண்ணில் படுவது நிறம்தான். ஜிலேபியின் ஆரஞ்சு, பர்பியின் ரோஜா நிறம், லட்டின் மஞ்சள். இவற்றில் பெரும்பாலானவை புட்டியிலிருந்து சொட்டுக் கணக்கில் வருபவை. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், லெபோ கேம்பல் பக்கத்துச் சீன மளிகைக் கடைகளில், கருஞ்சிவப்பான ஓர் அரிசி சிறு பைகளில் கிடைக்கும். ஹொக்கியன் பேசுவோர் அதை அங்காக் என்பார்கள். வயலிலேயே சிவப்பாக விளைந்த அரிசி அல்ல அது. வேகவைத்த வெள்ளை அரிசியில் ஒரு பூஞ்சணத்தை வளர்த்து உலர்த்தியது. ஒரு மணியை நகத்தால் உடைத்துப் பாருங்கள். மேலே சாயம் பூசியதில்லை என்பது உடனே தெரியும். நடுப்பகுதி வரை சிவப்பு ஊறியிருக்கும்.

பூஞ்சணத்திலிருந்தும் காளானிலிருந்தும் உணவு நிறம் எடுக்கும் பேச்சு இப்போது சூடுபிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டன. அதில் ரோடமைன்-பி என்ற துணிச்சாயம் இருந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா ரெட் 3 என்ற செயற்கைச் சிவப்பை உணவில் சேர்க்கும் அனுமதியைத் திரும்பப் பெற்றது. ‘இயற்கை நிறம்’ என்று எழுதிய புட்டியைத் தேடி மக்கள் போவது இயல்பு. ஆனால் தாவர நிறங்கள் எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை. பீட்ரூட் சிவப்பு சூட்டில் பழுப்பாகிவிடும். நியோன்யா பலகாரங்களுக்கு நீலம் கொடுக்கும் சங்குப்பூ, எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதாவாக மாறும். கார்மைன் என்ற சிவப்பு உறுதியானது. ஆனால் அது பூச்சியிலிருந்து வருகிறது என்று தெரிந்த சைவக்காரர் யாரும் அதைத் தொடமாட்டார். இந்த இடைவெளியில்தான் பூஞ்சை இனங்கள் வந்து நிற்கின்றன.

இந்தப் பேச்சில் இரண்டு சொற்கள் அடிக்கடி அடிபடுகின்றன: ‘இயற்கை’, ‘பாதுகாப்பான கரைப்பான்’. நிறத்தைக் கரைத்து வெளியே எடுக்கும் திரவம்தான் கரைப்பான். இரண்டும் இருந்துவிட்டால் கேள்வி முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. நல்ல கரைப்பான் நல்லதை மட்டும் பிரித்தெடுக்காது. தன்னில் கரையக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவரும். எந்தப் பூஞ்சையில் நிறம் எந்த வேதி வடிவில் இருக்கிறது, அதோடு சேர்ந்து வேறு என்ன இருக்கிறது என்ற இரண்டையும் கேட்ட பிறகுதான் எதில் கரைப்பது என்ற கேள்விக்குப் பொருள் வரும்.

கரைவதன் அடிப்படை நம் அடுப்படியில் இருக்கிறது. மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்கினால் கொஞ்ச நேரத்தில் அடியில் தங்கிவிடும். அதையே காய்ந்த எண்ணெயில் போட்டால் எண்ணெய் முழுக்கப் பொன்னிறமாகிறது. மூலக்கூறு நீரோடு ஒட்டும் தன்மையுடையதா, கொழுப்போடு ஒட்டும் தன்மையுடையதா என்பதே வேறுபாடு. காளான் நிறங்களும் இதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. கூடுதலாக ஒரு தடை உண்டு: பூஞ்சையின் செல்சுவர் கைட்டினாலும் குளுக்கனாலும் ஆனது, இறால் ஓட்டில் இருக்கும் அதே கைட்டின். அதை ஊறவைத்தோ, அரைத்தோ, மீயொலியால் அதிரவைத்தோ, நொதியால் கரைத்தோ திறந்தால்தான் உள்ளே இருக்கும் நிறத்தைக் கரைப்பான் தொட முடியும்.

இளஞ்சிவப்புச் சிப்பிக் காளானைப் பார்ப்போம். ‘சென்டாவான் தீராம்’ என்று பசாரில் விற்கும் சாம்பல் நிறச் சிப்பிக் காளானின் வெப்பமண்டல உறவினர் அது. நம் ஊர் வெயிலில் தாராளமாக வளரும். இங்கே காளான் வளர்ப்பவர்கள் பொதுவாகப் பால்மரத் தூளோடு தவிடும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்து பைகளில் அடைத்து, அவித்து, வித்துப் போடுகிறார்கள். நம் தாத்தா பாட்டிகள் பால் சீவிய மரம், பால் வற்றிய பிறகு பலகையாகவும் அறுப்பு ஆலைத் தூளாகவும் மாறி இந்த வழியில் உணவாகிறது. அந்தப் பையிலிருந்து விரியும் இளஞ்சிவப்பு இதழ்களைப் பார்ப்பவர், பர்பிக்கும் பண்டோங் பானத்துக்கும் நிறம் கிடைத்துவிட்டது என்று நினைத்தால் அதில் வியப்பில்லை.

சட்டியில் போட்டதும் நிலைமை மாறுகிறது. சூடு ஏறும்போது இதழின் விளிம்பிலிருந்து நிறம் வெளிறும். சற்று நேரத்தில் ரோஜா நிறம் போய், வெந்த கோழியிறைச்சியின் மங்கிய பழுப்பு வந்துவிடும். காரணம் இதன் நிறம் இருக்கும் விதம். இண்டோலோன் வகையைச் சேர்ந்த ஒரு சிறு மூலக்கூறு புரதம் ஒன்றோடு பிணைந்திருப்பதால்தான் நமக்கு அது இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. சூட்டில் புரதம் சுருண்டு உருக்குலையும்போது நிறமும் போகிறது. எத்தனால் என்ற ஆல்கஹாலைச் சேர்த்தாலும் புரதம் குலைந்து படியும். ஆகவே இதற்கு ஏற்ற கரைப்பான் குளிர்ந்த நீர், அல்லது மிதமான உப்புக் கரைசல்தான். மிகப் பாதுகாப்பான கரைப்பான் கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்த சாறு கொதிக்கும் பாகில் நிற்காது. ஐஸ்கிரீம், தயிர் போன்ற குளிர்ந்த பண்டங்களில் முயன்று பார்க்கலாம். பலகாரத்துக்கு ஆகாது.

கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் வேறு கதை. மருந்துக்கடைகளில் ஆரஞ்சு நிறக் குச்சிகளாகக் கண்ணாடிக் குப்பிகளில் விற்கிறார்களே, அதுதான். அதன் நிறம் கரோட்டினாய்டு குடும்பத்தைச் சேர்ந்தது. கேரட்டுக்கும் பூசணிக்கும் நிறம் தரும் அந்தக் குடும்பத்தினர் வழக்கமாகக் கொழுப்பில் கரைபவர்கள். தண்ணீரைக் கண்டால் ஒதுங்குபவர்கள். ஆனால் இந்தக் காளானில் நீரில் கரையும் கரோட்டினாய்டுகள் இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2013-ல் விவரித்து, கார்டிசாந்தின்கள் என்று பெயரிட்டார்கள். பானங்களுக்கு ஆரஞ்சு நிறம் தேடுபவருக்கு இது பெரிய செய்தி. எண்ணெயில் கரையும் நிறத்தைத் தண்ணீரில் கலக்கக் குழம்பாக்கி எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. நீரோ நீர்த்த எத்தனாலோ போதும். வளர்ப்பில் ஒளிக்கும் பங்கு உண்டு: இருட்டில் வெளிறிக் கிடக்கும் பூஞ்சை இழைகள் வெளிச்சம் பட்ட பிறகே ஆரஞ்சாகின்றன. அரிசியில் வளர்த்துக் குச்சிகளை அறுத்தெடுத்த பின் அடியில் மிஞ்சும் கட்டியிலும் நிறம் இருக்கும். விலை உயர்ந்த குச்சியை விட்டுவிட்டு இந்த மிச்சத்திலிருந்து நிறம் எடுப்பதே கணக்குக்கு ஒத்துவரும் என்பது என் எண்ணம்.

மரக்காது என்று சொல்லப்படும் கருப்புக் காளானின் நிறம் மெலனின். அது நீரிலும் கரையாது, எத்தனாலிலும் கரையாது, எண்ணெயிலும் கரையாது. காரக் கரைசலில் மட்டும் கரையும். பிறகு அமிலம் விட்டால் கருப்புப் பொடியாக அடியில் படியும். காரமும் அமிலமும் சேர்ந்தால் உப்பும் நீரும்தான் மிஞ்சும் என்பதால், உணவுத்தர வேதிப்பொருள்களைக் கொண்டு கவனமாகச் செய்தால் இதில் தவறில்லை. ஆனால் சோடியம் ஹைட்ராக்சைடு கையையும் கண்ணையும் எரித்துவிடும். வீட்டில் செய்யும் வேலையல்ல.

எண்ணெயில் கரையும் கரோட்டினாய்டுகளைத் தரும் பூஞ்சைகளும் உண்டு. சாந்தரெல் காளானின் மஞ்சளில் பீட்டா கரோட்டின் இருக்கிறது. சுண்டானியர் மேற்கு ஜாவாவில் புண்ணாக்கில் பூஞ்சணம் வளர்த்துச் செய்யும் ஒன்சோம் என்ற உணவின் ஆரஞ்சும் கரோட்டினாய்டுதான். ஆனால் மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு காளானிலிருந்து பீட்டா கரோட்டின் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயில் ஒரு கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டினாய்டு இயல்பாகவே இருக்கிறது. அந்த மலிவான சிவப்பு எண்ணெய் ஆலைக்கு ஆலை கிடைக்கும் நாட்டில், அதே நிறத்துக்காகக் காளானை ஏன் அரைக்க வேண்டும்? காளானிடம் போவதானால், செம்பனை தராததைத் தேடிப் போக வேண்டும். அது சிவப்பு.

அங்காக்குக்குத் திரும்புவோம், இந்தத் துறையில் உண்மையில் சந்தைக்கு வந்த சிவப்பு அதுதான். அதை உண்டாக்குவது மொனாஸ்கஸ் என்ற பூஞ்சணம். குடை விரித்து நிற்கும் காளான் அல்ல, அரிசிக்குள் நூல்நூலாக ஓடும் இனம். 1884-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் வான் டீகெம் மொனாஸ்கஸ் என்ற பேரினத்தை விவரித்தார். 1895-ல் டச்சுக்காரரான வென்ட், ஜாவாச் சந்தையில் விற்ற சிவப்பு அரிசியிலிருந்து மொனாஸ்கஸ் பர்புரியஸ் என்ற இனத்தைப் பிரித்தெடுத்தார். அறிவியலுக்கு அது கிடைத்ததே நம் பக்கத்துத் தீவின் பசாரில்தான்.

இதில் ஆறு முதன்மை நிறமிகள் இருக்கின்றன: மஞ்சள் இரண்டு, ஆரஞ்சு இரண்டு, சிவப்பு இரண்டு. இவற்றின் உறவுதான் அழகு. ஆரஞ்சு நிறமியின் வளையம் ஒன்றில் ஓர் ஆக்சிஜன் அணு இருக்கிறது. அமினோ தொகுதி உடைய பொருள் ஏதாவது பக்கத்தில் வந்தால், அந்த ஆக்சிஜன் விலகி நைட்ரஜன் உட்காருகிறது. அவ்வளவுதான், ஆரஞ்சு சிவப்பாகிவிடுகிறது. பூஞ்சணம் அரிசியின் புரதத்தைச் செரித்து அமினோ அமிலங்களை விடுவிக்கும்போது இது தானாகவே நடக்கிறது. சோயாக் கட்டியைச் சிவப்பரிசியோடு ஊறவைக்கும் சீனர்களின் ‘நாம் யூ’ ஜாடியிலும் அமினோ அமிலத்துக்குப் பஞ்சமில்லை.

இந்த நிறமிகள் இயல்பில் நீரில் சரியாகக் கரையாதவை. ஒரு கண்ணாடிக் குவளையில் வெந்நீரும் இன்னொன்றில் 70 விழுக்காடு எத்தனாலும் வைத்து, இரண்டிலும் ஒரு தேக்கரண்டி அங்காக்கை நுணுக்கிப் போட்டால் வேறுபாடு தெரியும். நீர் கலங்கலாக, மாவுத்தன்மையோடு, மங்கிய சிவப்பாகும். எத்தனால் குவளை தெளிவாக இருக்கும். நிறமோ ஆழமாக இறங்கியிருக்கும். நூற்றுக்கு நூறு எத்தனாலை ஏன் எடுப்பதில்லை? காய்ந்த அரிசியின் மாவும் பூஞ்சை இழையும் உப்பி விரிய நீர் வேண்டும். விரிந்த இடத்துக்குள் புகுந்து நிறத்தைப் பற்ற எத்தனால் வேண்டும். நீர் மிகுந்தால் மாவும் சர்க்கரையும் சேர்ந்து வரும். எத்தனால் மிகுந்தால் சுவர் இறுகிவிடும். அதனால்தான் ஆய்வகங்கள் 60, 70 விழுக்காட்டுக் கலவையை நாடுகின்றன. வடிகட்டிய பின் அழுத்தம் குறைத்த கலனில் வைத்தால், 78 டிகிரியில் கொதிக்க வேண்டிய எத்தனால் 40, 50 டிகிரியிலேயே ஆவியாகிப் போகும். நிறம் வேகாமல் மிஞ்சும்.

நீரில் கரையும் சிவப்பு வேண்டுமென்றால் இன்னொரு வழி உண்டு. பூஞ்சணத்தைத் திரவ ஊடகத்தில் வளர்க்கும்போது நைட்ரஜன் உணவாக மோனோசோடியம் குளுட்டமேட் கொடுப்பது. நம் வீடுகளில் அஜினோமோட்டோ என்று சொல்லும் அதே உப்பு. அதிலுள்ள குளுட்டாமிக் அமிலம் ஆரஞ்சு நிறமியில் போய் ஒட்டிக்கொண்டு, நீரில் கரையும் சிவப்பாக ஊடகத்துக்குள் வந்துவிடுகிறது. பிறகு பிரித்தெடுக்கத் தண்ணீர் போதும். கரைப்பானைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, நிறமியையே கரைப்பானுக்கு ஏற்றபடி வளர்த்துக்கொள்ளும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

எத்தனால் வழி புதிதும் அல்ல. 1903-ல் சீனாவின் பூச்சோ பகுதியிலிருந்து வந்து பேராவின் சித்தியவானில் குடியேறியவர்களின் சந்ததியினர் இன்றும் அங்காக்கையும் பசையரிசியையும் ஜாடியில் போட்டுச் சிவப்பு மது காய்ச்சுகிறார்கள். நொதித்தலில் பிறக்கும் எத்தனாலே அரிசியின் சிவப்பை இழுத்துக்கொள்கிறது. மிஞ்சும் சிவப்புச் சக்கையைக் கோழியோடு சமைத்து மெல்லிய மீ சுவாவில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். ஆய்வகம் இப்போது அளந்து செய்வதை அந்த ஜாடி எப்போதோ செய்துவிட்டது. அது ஜாடியாக இருப்பதும் நல்லதுக்குத்தான். மொனாஸ்கஸ் சிவப்பு சூட்டை ஓரளவு தாங்கும், ஆனால் வெளிச்சத்தில் வெளுக்கும். கண்ணாடிப் புட்டியில் அடைத்து வெயில் படும் அலமாரியில் வைக்கும் சர்பத்துக்கு இது சரிப்படாது.

எத்தனால் என்றதும் இந்த நாட்டில் இரண்டு கேள்விகள் எழும். ஒன்று ஹலால். 2011-ல் தேசிய ஃபத்வா மன்றத்தின் முஸாக்கரா (கலந்தாய்வுக் கூட்டம்) இதை ஆராய்ந்து ஒரு முடிவு சொன்னது: நிறத்தையோ சுவையூட்டியையோ நிலைப்படுத்தச் சேர்க்கும் ஆல்கஹால், மது காய்ச்சும் முறையில் வந்ததாக இல்லாமலும், இறுதிப் பண்டத்தில் 0.5 விழுக்காட்டைத் தாண்டாமலும், போதை தராமலும் இருந்தால் பயன்படுத்தலாம். ஆகவே எத்தனால் என்ற பெயரைக் கேட்டதும் பின்வாங்க வேண்டியதில்லை. அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு மிஞ்சியது என்பதே கேள்வி. நாசி கண்டார் கடைக்கோ பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்கோ நிறம் விற்க நினைக்கும் தமிழ் வணிகர் இதைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் ஹலால் முத்திரை இல்லாத நிறத்தை அந்தக் கடைகள் வாங்கப்போவதில்லை.

இன்னொரு கேள்வி உயிர் தொடர்பானது. எத்தனாலும் மெத்தனாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நிறத்தையும் இரண்டும் நன்றாகவே கரைக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் மெத்தனால் கொண்டு பிரித்தெடுத்ததாக நிறையப் படிக்கலாம். அது அளவிடுவதற்காக, உண்பதற்காக அல்ல. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் பறிக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் இறந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இரும்புச் சாமான் கடையில் விற்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் மெத்தனால் சேர்த்திருப்பார்கள். கைகழுவும் ஆல்கஹால் ஐசோபுரோபனாலாக இருக்கலாம். இவற்றை உணவு நிறத்துக்குத் தொடவே கூடாது. ‘காய்ச்சினால் எல்லாம் போய்விடும்’ என்ற சமாதானமும் இங்கே செல்லாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உணவுத்தர எத்தனால் வாங்கியாயிற்று, அங்காக்கும் உண்மையானதுதான், செய்முறையும் சுத்தம். அப்படியிருந்தும் கிடைக்கும் சிவப்பில் நஞ்சு இருக்கலாம். மொனாஸ்கஸின் சில வகைகள் நிறத்தோடு சேர்த்துச் சிட்ரினின் என்ற பொருளையும் உண்டாக்குகின்றன. 1931-ல் இங்கிலாந்தில் பென்சிலியம் பூஞ்சணத்திலிருந்து அதைக் கண்டுபிடித்தார்கள். நுண்கிருமிகளைக் கொல்வதால் மருந்தாகலாம் என்ற நம்பிக்கை இருந்தது. சிறுநீரகத்தைக் கெடுப்பதால் அது கைவிடப்பட்டது. மொனாஸ்கஸில் இருப்பதும் அதே பொருள்தான் என்பதை 1995-ல் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். எத்தனால் சிவப்பைப் போலவே சிட்ரினினையும் நன்றாகக் கரைக்கும். கரைப்பான் எவ்வளவு பாதுகாப்பானதாக இருந்தாலும், அது எடுத்துவருவதற்கு அது பொறுப்பேற்காது.

சமைத்தால் போகாதா? எளிதில் போகாது. சிட்ரினின் சிதைய 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதுவும் ஈரம் இருந்தால். உலர்ந்த நிலையில் 175 டிகிரி. உடைந்து உருவாகும் பொருள்களிலும் நஞ்சுள்ளவை உண்டு. கொதிக்கும் குழம்பு 100 டிகிரியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆகவே தடுப்பு தொடக்கத்திலேயே இருக்க வேண்டும்: சிட்ரினின் உண்டாக்காத வகையைத் தேர்ந்து வளர்ப்பது, ஒவ்வொரு தொகுதியையும் சோதிப்பது. சிட்ரினினைக் கட்டும் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-ல் அடையாளம் கண்ட பிறகு, அது வேலை செய்யாத வகைகளைத் தேர்வது எளிதாயிற்று. சட்டங்களும் இறுகின. மொனாஸ்கஸ் நிறமியில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் சிட்ரினின் கூடாது என்கிறது ஜப்பான். சிவப்பரிசி உணவுத் துணைப்பொருள்களில் 2014-ல் 2000 மைக்ரோகிராம் வரை விட்டிருந்த ஐரோப்பிய ஒன்றியம், 2020-ல் அதை 100 ஆகக் குறைத்தது. உணவு நிறமாக இந்தச் சிவப்பை ஜப்பானும் சீனாவும் ஏற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் அனுமதிக்கவில்லை.

2024 மார்ச்சில் ஜப்பானில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. கொழுப்பைக் குறைக்கும் என்று விற்ற சிவப்பரிசி மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு ஏற்பட்டு, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆராய்ந்தபோது காரணமாகக் கண்டது சிட்ரினின் அல்ல, பியூபெருலிக் அமிலம். வளர்ப்பின்போது வெளியிலிருந்து புகுந்த பென்சிலியம் பூஞ்சணம் அதை உண்டாக்கியிருந்தது. சிவப்பின் மீது பழி இல்லை, மொனாஸ்கஸின் மீதும் இல்லை; கூடவே வளர்ந்த அழையாத விருந்தாளி செய்த வேலை. ஈரமான, சூடான சோறு எல்லாப் பூஞ்சணத்துக்கும் விருந்துதான். நம் ஊரின் ஈரப்பதத்தில் ‘வீட்டிலேயே அங்காக் வளர்ப்பது எப்படி’ என்ற காணொளிகளைப் பார்த்துத் துணிபவர்களை நான் தடுப்பதற்கு இதுவே காரணம். வீட்டுக் கண்ணுக்கு எல்லாப் பூஞ்சணமும் ஒன்றுபோலத் தெரியும்.

கொழுப்பு என்ற பேச்சு வந்ததால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மொனாஸ்கஸின் சில வகைகள் மொனாக்கோலின்-கே என்ற பொருளை உண்டாக்கும். 1979-ல் ஜப்பானின் அகிரா எண்டோ கண்டறிந்த அது, இரத்தக் கொழுப்பைக் குறைக்க மருத்துவர் எழுதித் தரும் லோவாஸ்டாட்டின் மாத்திரையிலுள்ள அதே மூலக்கூறு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் துணைப்பொருள்களில் ஒரு நாளுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக மட்டுமே அதை அனுமதிக்கிறது. ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிடும் நம் வீட்டுப் பெரியவர்கள், மருத்துவரைக் கேட்காமல் சிவப்பரிசி மாத்திரையைத் தொடக்கூடாது. நிறத்துக்கென்று வளர்க்கும் வகைகள் வேறு, மருந்துக்கென்று வளர்ப்பவை வேறு. கடைப் பையின் மேல் அந்த வேறுபாடு பெரும்பாலும் எழுதியிருக்காது.

மற்றக் கரைப்பான்களையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து வருவது. தொடர்ந்து சுவாசிக்கும் தொழிலாளியின் கைகால் நரம்புகளைக் கெடுக்கும். சமையல் எண்ணெயில் அதன் மிச்சம் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பிய வரம்பு. மாற்றாகத் தாவரக் கழிவிலிருந்து எடுக்கும் 2-மெத்திலாக்சோலேன் 2023-ல் அங்கே அனுமதி பெற்றது. கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் அது வாயுவும் அல்லாத திரவமும் அல்லாத நிலையில் கொழுப்பு நிறங்களைக் கரைக்கும். அழுத்தத்தை விட்டால் காற்றாகப் பறந்துவிடும், மிச்சமே இருக்காது. காப்பியிலிருந்து கஃபீன் எடுக்கும் முறைகளில் இதுவும் ஒன்று. ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் கலன் சிறு தொழிலுக்குக் கட்டாது.

எனக்கு இந்த ஊருக்குப் பொருத்தமாகத் தோன்றுவது கிளிசரால். செம்பனை எண்ணெயைப் பிளக்கும் ஆலைகளின் துணைவிளைபொருள் அது. பினாங்கில் பாலம் தாண்டினால் பிறையிலேயே அத்தகைய ஆலைகள் உண்டு. இனிப்பாக இருக்கும், உண்ணத் தகுந்தது, தாவர மூலம், போதைக் கேள்வியும் இல்லை. நீர் கலந்த கிளிசரால், அல்லது சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் சேர்த்து உருவாக்கும் ஆழ்உருகு கலவைகள் (தனித்தனியே திடமாக இருந்து, கலந்ததும் திரவமாகுபவை), காளானின் நிறத்தை நன்றாகப் பற்றுகின்றன. ஒரு சிக்கல் உண்டு: இவை ஆவியாகிப் போகாது. பாகு போல நிறத்தோடேயே தங்கிவிடும். ஆகவே இங்கே கரைப்பானே உணவின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அதன் ஒவ்வொரு பொருளும் தின்னத் தகுந்ததாக இருக்க வேண்டும். ஆய்வுகளில் அடிக்கடி வரும் கோலின் குளோரைடு–யூரியா கலவை ஆய்வகத்துக்கு அழகாக இருக்கலாம்; யூரியா கலந்த சர்பத்தை யாரும் குடிக்கப்போவதில்லை.

சிறிய அளவில் தொழில் தொடங்க நினைப்பவர் நிறம் எடுப்பதற்கு முன்பே சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளும் எந்த நிறத்தை எந்தப் பண்டத்தில் சேர்க்கலாம் என்று பட்டியலிட்டிருக்கின்றன. ‘இயற்கை’ என்பதால் பட்டியலிலிருந்து விலக்கு கிடையாது. மாநிலச் சுகாதார இலாகாவில் எழுத்து மூலம் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அங்காக்கையோ நிறச் சாற்றையோ மொத்தமாக வாங்குவதானால், விற்பவரிடம் அந்தத் தொகுதிக்கான சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: சிட்ரினின் எத்தனை மைக்ரோகிராம், எந்தக் கரைப்பான் எவ்வளவு மிச்சம், மொனாக்கோலின்-கே எவ்வளவு. சிட்ரினினுக்கு நேரே வெறுமனே ‘இல்லை’ என்று எழுதியிருந்தால், எந்த அளவுக்குக் கீழே கருவியால் காண முடியாது என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். 2000 மைக்ரோகிராமுக்குக் கீழே பார்க்கத் தெரியாத சோதனைக்கும் 50 வரை பார்க்கும் சோதனைக்கும் அந்த ஒரே ‘இல்லை’தான் கிடைக்கும்.